கப்பலேறிய எள்ளுத்தாத்தா: தென் ஆற்காட்டில் ஒரு வேரைத் தேடுவது எப்படி?

"சிதம்பரம் தாலுக்கா, தென் ஆற்காடு ஜில்லா." டர்பனிலோ ரீயூனியன் தீவிலோ இருக்கும் ஒருவருக்கு, தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கையில் இருப்பது பெரும்பாலும் இந்த ஐந்து சொற்கள்தான். கூட ஒரு பெயர், ஒரு அப்பா பெயர், ஒரு கப்பல், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஊர். அந்த ஊரின் எழுத்தைப் பார்த்தால் நமக்கே அடையாளம் தெரியாது.

சேத்தியாத்தோப்பு பக்கம் சொந்தம் உள்ளவன் என்பதால் "இது எந்த ஊராக இருக்கும்?" என்று என்னிடம் அவ்வப்போது கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட, எந்த ஆவணத்தில் என்ன இருக்கிறது, எங்கே சங்கிலி அறுகிறது, அதை எப்படி ஒட்டவைக்கலாம் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இங்கேயே இருந்துவிட்ட நமக்கும் இதில் பாதி பயன்படும். ஏனென்றால் 1880இல் உங்கள் குடும்பத்தில் உயிரோடு இருந்த ஒருவரின் பெயர், வயது, உயரம், உடம்பில் இருந்த தழும்பு உங்களுக்குத் தெரியுமா? கப்பலேறியவரின் வாரிசுக்குத் தெரியும்.

யார் போனார்கள், எங்கே போனார்கள்

அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டு இந்தியாவில் இருந்து ஆள் ஏற்றினார்கள். தென் ஆற்காட்டுக்காரர்களுக்கு முக்கியமாக இரண்டு வழி இருந்தது.

ஒன்று, பிரிட்டிஷ் வழி: சென்னைத் துறைமுகம். 1834இல் இருந்து மொரீஷியசுக்கு இந்தியா முழுவதிலும் இருந்து சுமார் நாலரை லட்சம் பேர் போனார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையில் இருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,965 பேர் போனார்கள். அங்கே சென்னைக் கப்பல் தொடங்கியது 1903இல்தான்.

இன்னொன்று, பிரெஞ்சு வழி: புதுச்சேரியும் காரைக்காலும். நம்ம ஊரில் இருந்து புதுச்சேரி இரண்டு மூன்று நாள் நடை. சென்னையைவிடப் பக்கம். 1860, 1861 ஒப்பந்தங்களுக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதி ஆட்களையும் பிரெஞ்சுக்காரர்கள் சட்டப்படியே எடுக்க முடிந்தது. ரீயூனியன் (அப்போது புர்போன் தீவு என்ற பெயரும் புழக்கத்தில் இருந்தது), மார்த்தினிக், குவாடலூப் என்று கப்பல்கள் போயின. மார்த்தினிக்குக்கு முதல் கப்பல் 1853இல், குவாடலூப்புக்கு 1854 டிசம்பரில். இரண்டுக்கும் போனது 'ஓரேலி' என்ற அதே கப்பல்தான். குவாடலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்கு சுமார் 25,000 பேர்.

இலங்கை, மலேயா, பர்மா போனவர்கள் கதை வேறு. கங்காணி கூட்டிக்கொண்டு போன ஆட்களுக்கு இப்படி ஆள்வாரியான பட்டியல் கிடைப்பது அபூர்வம். ஒப்பந்தக் கூலிகளுக்குத்தான் வரிசை எண் போட்டு எழுதினார்கள். தோட்ட முதலாளிக்கு ஆளை எண்ணி ஒப்படைக்க வேண்டுமே! அந்த வியாபாரக் கணக்குதான் இன்றைக்கு வம்சாவளி ஆவணம் ஆகியிருக்கிறது.

ஒரு வரியில் என்ன இருக்கிறது

நேட்டால் கப்பல் பட்டியலில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. இப்படி வைத்துக்கொள்ளுங்கள் (இது விளக்குவதற்காக நான் எழுதும் மாதிரி, உண்மையான ஆள் இல்லை):

*எண், முனுசாமி, த/பெ கோவிந்தன், வயது 24, ஆண், சாதி, உயரம், ஜில்லா: தென் ஆற்காடு, தாலுக்கா: சிதம்பரம், ஊர்: மருதூர், அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு.*

முதலில் இருக்கும் எண்தான் முக்கியம். காலனி எண் என்பார்கள். ஒருவர் தோட்டம் மாறினாலும், கல்யாணம் செய்தாலும், இறந்தாலும் அந்த எண் கூடவே வரும். மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால் அதுதான் முதன்மைச் சாவி. பெயரைப் பத்து விதமாக எழுதியிருப்பார்கள். எண் பெரும்பாலும் மாறாது. ஆகவே தென்னாப்பிரிக்க உறவினர் யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "பெயர் இருக்கட்டும், எண் என்ன?" பழைய கல்யாணச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ்களில் அது இருக்க வாய்ப்பு உண்டு.

மொரீஷியசில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட் குடியேற்றப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. 1860களின் நடுவில் இருந்து ஆட்களைப் புகைப்படமும் எடுத்தார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஒரு விவசாயக் கூலியின் 1870ஆம் வருஷத்து முகம் உலகத்தில் எங்காவது இருக்கிறது என்றால், அது அங்கேதான் இருக்கும். ஊரில் ஜமீன்தாருக்கே அந்தக் காலத்தில் படம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

பிரெஞ்சுத் தீவுகளுக்கு, பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த காலனிகளின் ஆவணக் காப்பகம் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் பார்க்க வைத்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். கையெழுத்தும் பிரெஞ்சும் பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

பெயர் என்ற பெரிய குழி

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கோவிந்தன் மகன் முனுசாமி, முனுசாமி மகன் கோவிந்தராஜ். முதலெழுத்து ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கும். மூன்றாம் தலைமுறையில் பழைய பெயர் காகிதத்தில் இருந்து காணாமல் போய்விடும்.

தீவுகளில் நேர் எதிராக நடந்தது. பிரெஞ்சு அதிகாரிக்குக் குடும்பப் பெயர் வேண்டும். அதனால் வந்த மனிதரின் சொந்தப் பெயரையே குழந்தைகளுக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். குவாடலூப் அரசியல்வாதியும் எழுத்தாளருமான எர்னெஸ்ட் மூத்துசாமி, ரீயூனியன் அரசியல்வாதி ஜான்-போல் விராபுல்லே: இந்தப் பெயர்களுக்குள் ஒரு முத்துசாமியும் ஒரு வீரப்பிள்ளையும் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். அங்கே முதல் ஆளின் பெயர் தங்கியது, ஊர் தொலைந்தது. இங்கே ஊர் தங்கியது, ஆளின் பெயர் தொலைந்தது. ஆக, ஒரே மரத்தின் இரண்டு பாதிகள் இரண்டு கரையில் கிடக்கின்றன. நாம் செய்யப்போவது அந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கிற வேலைதான்.

இதில் நம்ம ஊர்க்காரர்கள் சட்டென்று விழும் குழி ஒன்று. குவாடலூப்பில் ஆன்ரி சிதம்பரோம் (1863–1952) என்று ஒருவர் இருந்தார். இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமையும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வேண்டும் என்று 1904இல் தொடங்கிய வழக்கை 1923 வரை விடாமல் நடத்தியவர். தீவில் இன்றைக்கும் மரியாதையோடு நினைக்கப்படுகிறார். பெயரைக் கேட்டதும் "நம்ம சிதம்பரத்துக்காரர்!" என்று துள்ளத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சிதம்பரம் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பது நடராஜர் மேல் உள்ள பக்தியால். வ.உ.சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்துக்காரர், ப.சிதம்பரம் செட்டிநாட்டுக்காரர். உண்மையில் சிதம்பரத்திலேயே வசிப்பவன் பெயரோடு ஊரைச் சேர்த்துச் சொல்ல அவசியமே இல்லை. ஆக, ஊர்ப்பெயர் போன்ற ஆள்பெயர் ஊருக்குச் சாட்சி ஆகாது. பழனி, திருப்பதி, காசி, நாகூர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

தென்னாப்பிரிக்காவில் சாதிப்பட்டங்கள் குடும்பப் பெயர் ஆயின. பிள்ளே, மூட்லி (முதலி), கோவெண்டர் (கவுண்டர்), செட்டி, நாய்க்கர், அப்புறம் படையாச்சி. படையாச்சி என்றால் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு உடனே காது நிமிரும். நியாயம்தான், இந்தப் பட்டம் நம்ம பக்கமும் தஞ்சைப் பக்கமும் அடர்த்தி. தேடலைச் சுருக்க உதவும். ஆனால் தீர்ப்பு எழுத உதவாது.

காரணம், பட்டியலில் சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதும் பின்னால் வந்த குடும்பப் பெயரும் பொருந்தாத குடும்பங்கள் இருக்கின்றன. சிலர் டிப்போவில் குமாஸ்தாவிடமே வேறு சொன்னார்கள். சிலர் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தபோது வேறு பட்டம் வைத்துக்கொண்டார்கள். ஊரில் தலை நிமிர விடாத ஒரு சாதியில் பிறந்தவனுக்குக் கடல் தாண்டியதும் கிடைத்த ஒரே சுதந்திரம் அதுவாகக்கூட இருந்திருக்கலாம். தேடப் போகிறவர்கள் இதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொண்டு போங்கள். "எங்கள் தாத்தா பண்ணையார் வீட்டுப் பிள்ளை, கோபித்துக்கொண்டு கப்பலேறினார்" என்ற கதை பல வீடுகளில் உண்டு. பட்டியலைத் திறந்தால் நிலமில்லாத கூலி ஒருவர் நிற்பார். அவமானப்பட அதில் ஒன்றும் இல்லை. கதையைவிட அந்த ஆள் பெரியவர்.

ஊர்ப்பெயரை மீட்பது

குமாஸ்தாவுக்குத் தமிழ் எழுத்து தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதினார். அதை நூறு வருஷம் கழித்து வேறொருவர் கணினியில் ஏற்றினார். இரண்டு தடவை சிதைந்த பெயர்.

சிதம்பரம் பழைய ஆங்கில வரைபடங்களில் 'சில்லம்ப்ரம்' ஆகும். திருவண்ணாமலை 'டிரினோமலி' ஆகும். பரங்கிப்பேட்டை 'போர்ட்டோ நோவோ' என்றோ முகமது பந்தர் என்றோ வரும். இவை பெரிய ஊர்கள், பிடித்துவிடலாம். குக்கிராமம்தான் சிரமம்.

நான் செய்வது எளிமையானது. உயிரெழுத்து ஒலிகளை எல்லாம் தூக்கிவிட்டு மெய்யின் எலும்புக்கூட்டை மட்டும் எடுக்கிறேன். இரட்டித்த மெய்யை ஒன்றாக்குகிறேன். குமாஸ்தாவின் காதில் குழம்பும் ஒலிகளை ஒரே கூடையில் போடுகிறேன்: ட-வும் த-வும் ஒன்று, ல, ழ, ள ஒன்று, ர, ற ஒன்று, ந, ன, ண ஒன்று, ச, ஷ, ஸ, ஜ ஒன்று. இப்போது பாருங்கள். 'வல்லியமடவி' என்று ஒரு ஊர் பட்டியலில் வந்தால், எலும்புக்கூடு வ-ல-ய-ம-ட-வ. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து வளையமாதேவிக்கும் அதே வ-ல-ய-ம-ட-வ. ஒட்டிக்கொண்டது. ஆள்பெயருக்கும் இதே முறைதான். முனுசாமி, மூன்சாமி, மூனேசாமி மூன்றும் ம-ன-ச-ம.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலை எடுத்து, எல்லா ஊருக்கும் எலும்புக்கூடு போட்டு வைத்துக்கொண்டால், ஐம்பது வரி நிரலில் வேலை முடிந்தது. ஆங்கிலத்துக்காகச் செய்த சவுண்டெக்ஸ் முறை தமிழ்ப் பெயருக்குச் சரிவராது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும்; நம்ம பெயர்களில் முதல் எழுத்தே ச-வா ஜ-வா என்று ஆடும்.

வடிகட்டியதும் ஐந்தாறு ஊர் மிஞ்சும். மருதூர் போன்ற பெயர் தமிழ்நாட்டில் பல இடத்தில் இருக்கிறது. அப்போது தாலுக்கா, ஜில்லா கட்டங்கள் உதவும். ஆனால் அவை அந்தக் காலத்து எல்லைகள் என்பதை மறக்கக்கூடாது.

- தென் ஆற்காடு ஜில்லா இன்றைய கடலூர் மாவட்டம் மட்டும் இல்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கமும் அதில் இருந்தது. கடலூரும் விழுப்புரமும் பிரிந்தது 1993இல்.
- திருவண்ணாமலை 1911 வரை தென் ஆற்காட்டில்தான் இருந்தது. அதற்கு முந்தைய கப்பலில் "தென் ஆற்காடு" என்று இருந்து ஊர் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கமும் தேடுங்கள்.
- காட்டுமன்னார்கோயிலுக்குக் காட்டுமன்னார்குடி என்றும் பெயர். பட்டியலில் "மன்னார்குடி" என்று இருந்து ஜில்லா தென் ஆற்காடு என்றால், தஞ்சாவூர் மன்னார்குடிக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். வீராணம் ஏரிப் பக்கம் பாருங்கள்.
- பழைய சிதம்பரம் தாலுக்காவில் இருந்த ஊர்கள் இன்றைக்கு புவனகிரி, காட்டுமன்னார்கோயில் என்று வேறு தாலுக்காக்களில் இருக்கும்.

1878இல் கார்ஸ்டின் எழுதிய தென் ஆற்காடு மேனுவல், 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் இரண்டும் இந்த எல்லைகளைப் புரிந்துகொள்ள நல்ல துணை. இணையத்தில் ஸ்கேன் கிடைக்கும்.

இந்தக் கரையில் என்ன இருக்கிறது

ஊரைப் பிடித்துவிட்டோம். இனிமேல்தான் கஷ்டம். வடக்கே ஹரித்வாரில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர் குடும்பங்களின் பெயரை வஹிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்து உழவர் குடும்பங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. கடலூரில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் திருச்சபைப் பதிவுகளில் தேடலாம். அதே தெருவில் வாழ்ந்த தமிழனைத் தேட அப்படி ஒரு ஏடு கிடையாது. சர்க்கார் இங்கே எண்ணியது ஆளை இல்லை, நிலத்தை.

அதனால் நிலத்தின் வழியாகத்தான் போகவேண்டும்.

முதலில் இன்றைய 'அ' பதிவேடு. இது 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். திட்டத்தின் அடிப்படையில் வந்தது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட், ரீசெட்டில்மெண்ட் பதிவேடுகளில் அந்தக் காலத்துப் பட்டாதாரர் பெயர் இருக்கும். மாவட்ட ஆட்சியரக ஆவணக் காப்பறையில் மனுப் போட்டுக் கேட்கலாம். பழைய சர்வே எண்ணும் புதிய எண்ணும் வேறு என்பதால், ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது, பத்திரப் பதிவு. நம்ம பக்கம் பத்திரப் பதிவு 1860களிலேயே தொடங்கிவிட்டது. பழைய கிரயப் பத்திரத்தில் ஒரு ஆளை எழுதும் முறை அலாதி: எந்த ஊர், யாருடைய குமாரர், என்ன சாதி, என்ன தொழில் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று சிக்கினால், ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். இணையத்தில் வரும் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிந்தையது. அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லித்தான் மனுப் போடவேண்டும்.

மூன்றாவது, பிறப்பு இறப்புப் பதிவு. சென்னை மாகாணச் சட்டம் 1899இல் வந்தது. கிராமத்தில் எழுதியவர் முன்சீப். கர்ணம், முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது ஏடுகள் கைமாறின. சில ஊர்களில் பத்திரமாக இருக்கின்றன, சில ஊர்களில் கரையான் முந்திக்கொண்டது.

இதில் நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்று. கப்பலேறியவர்களில் கணிசமானவர்களுக்கு நிலமே இல்லை. நிலம் இருந்திருந்தால் பலர் போயிருக்கவே மாட்டார்கள். அவர்கள் பெயர் மேற்சொன்ன எந்த ஏட்டிலும் வராது. பெண்கள் நிலை இன்னும் மோசம். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது வேண்டும் என்று கப்பலுக்கு விகிதம் வைத்திருந்தார்கள். அதனால் விதவைகளும் வீட்டை விட்டு வந்தவர்களும் தனியாகவே ஏறியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் வரி கப்பல் பட்டியலில் இருக்கும். ஊரில் அவளுக்கு எழுத்தில் சாட்சியே இருக்காது.

காகிதம் முடிந்த இடத்தில்

அப்போது மூன்று நூல்களைப் பிடிக்கலாம்.

முதலாவது, பெயர் சுற்றி வரும் முறை. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். கோவிந்தன் மகன் முனுசாமி கப்பலேறினார் என்றால், ஊரில் தங்கிய அண்ணன் தம்பி வீடுகளில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை கோவிந்தன், கோவிந்தசாமி, கோவிந்தம்மாள் என்று பெயர் திரும்பத் திரும்ப வரவேண்டும். அங்கே டர்பன் கிளையிலும் முனுசாமியின் மூத்த மகனுக்குக் கோவிந்தன் என்று இருந்தால் நம்பிக்கை கூடும். ஒரு பெயர் பொருந்துவது தற்செயல். நாலு தலைமுறைப் பெயரின் அடுக்கே பொருந்தினால் அதைச் சும்மா விட முடியாது.

இரண்டாவது, சாமி. மார்த்தினிக், குவாடலூப்பில் 'மாலியேமின்' என்று கும்பிடுவது மாரியம்மனை. 'மால்தேவிடன்' என்பது மதுரை வீரன். 'நாகூர் மீரா' என்று கொடியேற்றி வணங்குவது நாகூர் ஆண்டவரை. ரீயூனியனில் 'பண்டியாலே' என்ற பெயரில் தீ மிதிப்பது பாஞ்சாலிக்கு. திரௌபதி அம்மனும் தீமிதியும் தெருக்கூத்தும் தென் ஆற்காட்டு ரத்தத்தில் உள்ளவை. செஞ்சிதான் அந்த வழிபாட்டின் மையம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இவை எல்லாம் வட்டாரத்தைக் காட்டும், குடும்பத்தைக் காட்டாது. ஆனால் ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு மட்டும் உரிய ஒரு சின்ன சாமியின் பெயரை, எவ்வளவு சிதைந்திருந்தாலும், வைத்திருந்தால் அதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். குலதெய்வத்தின் பெயர் ஒரு ஊரையே காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது, வாய்மொழி. "மோரீசுக்குப் போனவர் வகையறா", "அக்கரைச் சீமைக்குப் போய்த் திரும்பாதவர்" என்ற பேச்சு எழுபது வயதுக்கு மேற்பட்ட சிலரிடம் இன்னும் இருக்கிறது. கேட்கப் போகும்போது ஒன்று கவனம். வெளிநாட்டில் இருந்து பங்காளி தேடுகிறார் என்றதும் முதலில் எழும் சந்தேகம், "பங்கு கேட்டு வந்திருக்கானோ?" என்பதுதான். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். சொத்துக்காக இல்லை, பெயருக்காக என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்க. நிலப் பதிவேட்டை அவர்கள் முன்னால் விரிக்கவே விரிக்காதீர்கள்.

"மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பார்கள். இரண்டு சிக்கல். எதிர்ப்பக்கத்தில் ஊர்க்காரர்கள் சோதனை செய்திருந்தால்தானே பொருந்தும்? அங்கே ஆயிரம் பேர், இங்கே அபூர்வமாக ஒருவர். இரண்டாவது, நம்மிடம் அத்தை மகள், மாமன் மகன் கல்யாணம் தலைமுறைகளாக நடக்கிறது. அதனால் தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தம் போலக் கணக்கில் வீங்கித் தெரியும். துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்பமுடியாது.

இதனால் என்ன ஆகப்போகிறது

உணர்ச்சியைத் தாண்டி நடைமுறைப் பயனும் இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு (ஓ.சி.ஐ.) பொதுவிதிப்படி கொள்ளுப்பேரன் வரைதான் தகுதி. 1870இல் போனவரின் வாரிசு இன்று ஐந்தாம் ஆறாம் தலைமுறை. அதனால் சூரினாமுக்கு 2023இல் ஆறாம் தலைமுறை வரைக்கும், மொரீஷியசுக்கு 2024இல் ஏழாம் தலைமுறை வரைக்கும் நீட்டிப்பதாக அறிவித்தார்கள். அட்டை வேண்டும் என்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் வேண்டும். தீவுப் பக்கத்துச் சங்கிலியை முழுசாகக் கோத்து வைத்தவருக்கே அது கைகூடும்.

இன்னொன்று நம்ம பக்கத்து அவசரம். தேடுகிற ஊரே இல்லாமல் போவது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்ததில் இருந்து சுரங்கத்துக்காகக் கிராமங்கள் இடம் பெயர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலில் இயந்திரம் இறங்கியதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். சுரங்கத்துக்கான வேண்டுதல், இழப்பீடு பற்றிய வாதங்களுக்குள் நான் இங்கே போகவில்லை. தேடுகிறவனின் கண்ணோடு மட்டும் பார்த்தால், ஒரு கிராமம் கலையும்போது சர்வே எண் மட்டும் போவதில்லை. "அந்தத் திட்டு யாருடையது, அந்தக் கோயில் எந்த வகையறாவுக்கு" என்று சொல்லத் தெரிந்தவர்கள் நாலு திசைக்குப் பிரிந்துவிடுகிறார்கள். குலதெய்வம் நகர்ந்துவிடுகிறது. டர்பனில் ஒருவர் கையில் அந்த ஊரின் பெயர் இருக்கும். அதைக் கொண்டுவந்து காட்ட இடம் இருக்காது.

ஆகவே இங்கே இருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு தாள் எடுத்து, உங்களுக்குத் தெரிந்த மேல் தலைமுறைகளை எழுதுங்கள். பெயர், பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், குலதெய்வம், அது இருக்கும் இடம், வீட்டுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். பெண்கள் பெயரை விட்டுவிடாதீர்கள். அம்மா வழிப் பாட்டியின் பாட்டி பெயரைச் சொல்லத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இன்னும் ஒருவராவது இருப்பார். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை இணையத்தில் போடவேண்டாம், இறந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஊரை விட்டுப் போனார், திரும்பவில்லை" என்று யாரைப் பற்றியாவது சொன்னால், அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள்.

அக்கரையில் தேடுகிறவர் தன் பாதியை அநேகமாக முடித்துவிட்டார். அவருக்கு எண் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, தழும்பு எந்தக் காலில் என்பதுகூட இருக்கிறது. அவர் ஒட்டிப் பார்க்க நம்மிடம் இருக்கும் பாதி இன்னும் எழுதப்படவே இல்லை.